ரத மாடு தின்ற பெட்டி

பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் முனையில் கரும்புச்சாறு பிழிந்தவன் நல்லமுத்து. சாறு விற்றுப்போகும், சக்கை குவிந்து ஈ மொய்க்கும். நகராண்மை ஆள் வந்து கத்துவான். ஒருநாள் வீம்புக்குச் சக்கையை அரைத்து, மரவள்ளி மாவில் கரைத்து, இரண்டு இரும்பு அச்சுக்கு நடுவே ஊற்றிச் சுட்டான். கூழ் பொங்கி இறுகியது. கனமே இல்லை. ஃபோம் மாதிரியேதான், ஆனால் மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும். அன்று பிடித்த பைத்தியம் வருடக்கணக்கில் விடவில்லை. சோற்றுப் பெட்டி அளவுக்கு அச்சு வார்க்க, வீட்டுக்காரி புஷ்பவள்ளியின் வளையல் போனது.

தொண்ணூற்றிரண்டில்தான், அதுவரை மறுத்துவந்த கந்தப்பு இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், ரயில்வேயில் கணக்கெழுதிய பழைய கிராணி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் அவர் பொறுப்பு. "இந்த வருசம் உம்மடை பெட்டியிலை சோறு குடுத்துப் பாப்பம்" என்றார். அங்கே சனம் வாங்கிவிட்டால் அடுத்த வருடம் எல்லாப் பந்தலும் தேடி வரும். நல்லமுத்து அதைத்தான் நம்பினான்.

ரதம் வரும் நாள். உள்ளே வாழையிலை வைத்து, சாம்பார் சோறு போட்டு நீட்டினான். பெட்டி நன்றாகவே தாங்கியது. நிறம்தான் பழுப்பு.

"என்னாண்ணே, செருப்புப் பொட்டியா?" என்றான் வரிசையில் ஒருவன்.

"விஷம் கிஷம் இருக்குமோ?" என்றாள் பின்னால் நின்ற நூர்ஜான்.

நல்லமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. வெள்ளி ரதம் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. ஒரு மூடியைப் பிய்த்து ரத மாட்டின் வாயருகே நீட்டினான். கரும்பு வாசனை, மாடு விடுமா? மென்று தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

"பாத்துக்குங்க! விஷமாலா இது?"

கூட்டம் சிரித்தது. முன்னால் நின்ற ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. வாங்கிய பெட்டியைத் திரும்ப மேசையில் வைத்தாள். "மாட்டுத் தீனியிலயா சாமி சோறு போடுறீங்க?"

அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கையையே நீட்டவில்லை.

கந்தப்பு அவன் தோளைத் தொட்டார். "தம்பி, உம்மிலை பிழை சொல்லேல்லை. ஆனா சோறு ஆறுது." ஆளை அனுப்பி வெள்ளை ஃபோம் பெட்டி வாங்கி வரச் சொன்னார்.

நல்லமுத்து தன் பெட்டிகளைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்கட்டில் போட்டான். நாலு மழையில் கரைந்து போயின. அவன் சொன்னது சொன்னபடியே நடந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. கடைக்கு முன்னால் சாக்கடையை அடைத்து நின்ற வெள்ளைப் பெட்டிகளை அவன்தான் கம்பால் குத்தி எடுத்தான்.

அன்று பந்தல் சோற்றைப் புஷ்பவள்ளியும் வாங்கி வந்திருந்தாள். அவன் அதைத் தின்றான். அவள் அந்த வெள்ளைப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்றும் அதில்தான் புளி வைத்திருக்கிறாள்.