அளவு ஜாக்கெட்

நான் தொண்ணூற்று மூன்று கிலோ இருந்தேன். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை எனக்கு. அங்கே ஐம்பது கிலோ தீவன மூட்டையை நிறுக்கிற மெஷின் ஒன்று உண்டு. வேலை ஓய்ந்த நேரத்தில் பெண்கள் ஒவ்வொருத்தராக அதில் ஏறி நிற்போம். நான் ஏறினால் மட்டும் எல்லோரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். ரெண்டு மூட்டைக்கு ஏழு கிலோதான் குறைச்சல் என்பார்கள். நானும் சிரிப்பேன்.

பண்ணையில் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வோம். தூசியும் எச்சமும் சேலையில் படாமல் இருக்க. நான் போட்டது என் வீட்டுக்காரர் கழித்த சட்டை. அவருக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் ஆறேழு மாதம் கழித்துத்தான் வருவார். அவர் சட்டையில் எனக்குப் பித்தான் எட்டாது. திறந்தபடியே போட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் பித்தான் எட்டியது.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். மெஷினில் ஏறினேன். எண்பத்து நான்கு காட்டியது. முட்டிவலி குறைந்திருந்தது. குனிந்து எழும்போது மூச்சு வாங்கவில்லை. நான் எதையும் குறைத்துச் சாப்பிடவில்லை. சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். நாலு வாய்ச் சோறு போனால் நெஞ்சுக்குக் கீழே கல்லு மாதிரி நிற்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் என்ன வைத்தியம் என்று கேட்டார்கள். கொள்ளுத் தண்ணி என்று சொல்லி வைத்தேன். அதை நம்பி இரண்டு பேர் மாதக்கணக்கில் கொள்ளு வேகவைத்துக் குடித்தார்கள்.

வாரச் சந்தையில் நைட்டிக் கடை போடுகிற பாய் ஒருவர் உண்டு. என்னைக் கண்டாலே பெரிய சைஸ் இருக்கிற அடிக்கட்டைத்தான் பிரிப்பார். அந்த வாரமும் பிரித்தார். வேண்டாம், மேல்கட்டில் எடுங்கள் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னக்கா, பாதி ஆளை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒரு சைஸ் குறைத்து இரண்டு நைட்டி எடுத்தேன். இரண்டு மாதத்தில் அதுவும் தொங்கியது. மறுபடி போய் இன்னும் ஒரு சைஸ் குறைத்து எடுத்தேன். அந்தத் தடவை அவர் கேலி பேசவில்லை. துணியைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்த்தீங்களா அக்கா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

நைட்டி வாங்கிக்கொள்ளலாம். ஜாக்கெட் அப்படி இல்லை. எங்கள் பக்கம் டெய்லரிடம் போய் டேப்புக்கு உடம்பைக் காட்டி நிற்க மாட்டோம். உடம்புக்குச் சரியாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றை வைத்திருப்போம். அதுதான் அளவு ஜாக்கெட். புதிது தைக்க வேண்டுமென்றால் அது போகும், நாங்கள் போவதில்லை. என்னுடையது அரக்குக் கலர். பல வருசமாக டெய்லர் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தது.

அது தொளதொளத்தபோது பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் போட்டேன். ஒன்றரை மாதத்தில் அதற்கும் உள்ளே ஒன்று. பிறகு இன்னும் ஒன்று. மிச்சத் துணியை வெட்டவில்லை. உடம்பு மறுபடி வந்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளேயே விட்டு வைத்தேன்.

எங்களுக்கு ஒரே பெண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தாள். மாதம் ஒரு தடவை வருவாள். மோகனூர்ப் பக்கத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். பையனுக்கு லாரிப் பட்டறையில் வேலை. பையனின் அப்பா பக்கவாதம் வந்து மூன்று வருசமாகப் படுக்கையில் இருந்தார். அம்மாதான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். எதையும் மறைக்காமல் சொன்னார்கள். எங்கள் பெண் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பையனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

பெண் பார்க்க வந்தபோது நான் எண்பது கிலோ. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தேன். போகும்போது பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க ஊட்டுல ஒருத்தர் படுத்திருக்கறாரு. பொண்ணு ஊட்டுலயாவது எல்லாரும் திடமா இருக்கோணும்னு நெனச்சேன். உங்களைப் பார்த்ததும் நிம்மதியாயிருச்சுங்க.”

அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாமக்கல்லில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வயிற்றுக்குப் பின்னால் கட்டி. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். என் பெண்ணுக்குக் கல்யாணம், அது வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன். எப்போ என்றார். தை என்றேன். அப்போது ஐப்பசி. தாங்கும் என்றார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்ணிடம் சர்க்கரை என்று சொன்னேன்.

சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். இது எனக்கு நிச்சயம். திடமாக இருக்கிறவள் என்று நம்பித்தானே கையைப் பிடித்தார். அதனால் இளைத்த உடம்புக்குத் துணி வாங்குவதை நிறுத்திவிட்டு, இல்லாத உடம்பைக் காட்டுவதற்குத் துணி வாங்க ஆரம்பித்தேன். கெட்டியான உள்பாவாடை இரண்டு. கஞ்சி போட்டால் விறைத்து நிற்கிற காட்டன் சேலை ஒன்று. தடித்த துண்டு ஒன்று, இடுப்பைச் சுற்றிக் கட்ட.

ஜவுளி எடுக்க இரண்டு குடும்பமும் சேலத்துக்குப் போனோம். உள்பாவாடை இரண்டு, அதற்கு மேல் துண்டு, அதற்கு மேல் சேலை. ஜாக்கெட்டுக்குள் கிழிந்த டவலை மடித்து வைத்திருந்தேன். கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். முகூர்த்தச் சேலைக்கே பாதி நேரம் போயிற்று. துண்டு அவிழ்ந்து இறங்குவது தெரிந்து, பாத்ரூம் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். அப்படி இரண்டு தடவை. என் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். சர்க்கரை இருந்தா அடிக்கடி போகத்தான் வேணும் என்றேன்.

மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்கு ஒரு சேலை எடுப்பார்கள். சம்பந்தியம்மா எனக்கு மாம்பழக் கலரில் எடுத்தார். ஜாக்கெட்டைத் தானே தைத்துத் தருவதாகச் சொன்னார். அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அரக்கு ஜாக்கெட்டை எடுத்தேன். உள்ளே போட்ட மூன்று தையலையும் பிளேடால் பிரித்தேன். நூல் பிசிறைப் பிடுங்கினேன். தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டி போட்டேன். பழையபடி தொண்ணூற்று மூன்று கிலோ அளவுக்கு வந்துவிட்டது. பிரித்த இடத்தில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. யார் பார்த்தாலும் பெருத்துப் போய்ப் பிரித்துவிட்டிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஊரில் முக்கால்வாசி ஜாக்கெட் அப்படித்தான் இருக்கும். அந்த அளவுக்குத் தைத்து வரட்டும், பிறகு நான் உள்ளே பிடித்துத் தைத்துக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சம்பந்தியம்மா தனியாக வந்தார். மத்தியானம். சொல்லாமல் வந்தார். நான் நைட்டியோடு இருந்தேன். துண்டு இல்லை, எதுவும் இல்லை. வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, பையிலிருந்து அரக்கு ஜாக்கெட்டை எடுத்தார்.

“இது இப்ப உங்க அளவு இல்லீங்க.”

பெருத்திருந்தபோது பிரித்தது என்றேன். சொல்லும்போதே, இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இந்த வெளித்தையலைப் பாருங்க. ஓட்டையெல்லாம் இழுபட்டுப் பெருசா இருக்குது. அப்ப உடம்பு இருந்திருக்குது. உள்ள இருக்கற மூணு வரிசையிலயும் ஒரு ஓட்டை கூட இழுபடலீங்க. பெருத்துப் பிரிச்சிருந்தா உள்வரிசைதான் மொதல்ல இழுபட்டிருக்கும். இது பிடிச்சுப் பிடிச்சு வந்த ஜாக்கெட்டுங்க. துணி கைக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

நான் நைட்டியின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“என்ன நோவுங்க?”

சொன்னேன்.

“புள்ளைக்குத் தெரியுங்களா?”

“சக்கரைன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க.”

அவர் ஜாக்கெட்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கல்யாணம் போச்சு என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணாலத்தை நிறுத்த மாட்டேனுங்க. பத்திரிக்கை குடுத்தாச்சு. பையன்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு நீங்க படுத்துட்டீங்கன்னா புள்ளையக் கூப்பிட்டுக்காதீங்க. நான் மிசினை உட்டு எந்திரிச்சா எங்க ஊட்டுல அடுப்பெரியாது. ஒரு புள்ள ரெண்டு படுக்கையப் பார்க்க முடியாதுங்க.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கியது. அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் கல்யாணத்தை நிறுத்தியிருப்பேன்.

“சரிங்க” என்றேன்.

பிறகு புது ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ரூமுக்குப் போய்ப் போட்டேன். கொக்கி மாட்டும்போது நெஞ்சைப் பிடித்தது. ஒரு வருசத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு துணி என் மேல் இறுக்கமாக உட்கார்ந்து. வெளியே வந்து, கொஞ்சம் பிடிக்குது என்றேன்.

“இருக்கட்டுங்க. அன்னிக்குச் சரியா இருக்கும்.”

கழற்றும்போது உள்ளே திருப்பிப் பார்த்தேன். கடைசி ஓட்டை வரிசையை வைத்து வெட்டி, அதற்கும் அரை இஞ்சு உள்ளே தைத்திருந்தார். பிரித்து விடுவதற்கென்று மிச்சத் துணி எதுவும் விடவில்லை.

கல்யாணத்தன்று அந்த ஜாக்கெட் சரியாக இருந்தது. துண்டு கட்டவில்லை. பெண்ணைக் கொடுக்கிற கவலையில் இளைத்துவிட்டாள் என்று மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் வைத்ததையெல்லாம் அவரே எடுத்துச் சாப்பிட்டார், யாரும் பார்க்காமல் இலை காலியாக வேண்டுமே. பத்து நாள் கழித்து மறுபடி ரிக்குக்குப் போனார். போகாமல் முடியாது.

வைகாசியில் பண்ணை வேலையை விட்டு நின்றேன். கடைசி நாள் மெஷினில் ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை.

ஆடி வந்தது. புதுசாகக் கட்டிக் கொடுத்த பெண்களை ஆடிக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிவருவது வழக்கம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்குப் பெண்கள் வந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. வந்தால் பார்ப்பாள். பார்த்தால் திரும்பிப் போக மாட்டாள். அவளுக்கு எடுத்த சேலையை மோகனூர் பஸ்ஸில் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

“ஏம்மா, சேலையைக் குடுத்து உட்டா முடிஞ்சுதா? என்னை எதுக்குக் கூப்புடுல?”

“பண்ணையில ஆள் இல்ல சாமி. லீவு தர மாட்டேங்கறாங்க. நீ வந்தாலும் நான் ஊட்டுல இருக்க மாட்டேன்.”

“வீடியோல வா. மூஞ்சியவாவது பாக்கறேன்.”

டவர் கிடைக்கவில்லை என்றேன். “கட்டிக் குடுத்ததோட தலை முழுகிட்டே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசுகிறாள். சாப்பிட்டியா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். மாமனாருக்கு எப்படி என்று கேட்டால், அப்படியேதான் என்கிறாள். அவள் குரலில் களைப்பு தெரிகிறது. சம்பந்தியம்மா சொன்னது சரிதான்.

ஆடி கடைசியில் சந்தைக்குப் போனேன். இருக்கிற நைட்டியெல்லாம் தோளில் நிற்காமல் வழிகிறது. படுத்தால் சுருண்டு முதுகுக்கடியில் கட்டியாகக் குத்துகிறது. நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக முடிந்தது. அதே பாய்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. மேல்கட்டில் இருந்ததிலேயே சின்னதைத் தோளில் வைத்துப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. பக்கத்தில் சிறுமிகளுக்கான கட்டு இருந்தது. அதில் ரோஸ் கலரில் ஒன்றை எடுத்தேன்.

“பேத்திக்குங்களாம்மா?”

“ஆமாங்க.”

“என்ன வயசு?”

“பன்னண்டு.”

“அப்ப இது சரியா இருக்கும். கீழ நல்லா மடிச்சுத் தச்சிருக்குங்க. புள்ள வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்.”

வாங்கிக்கொண்டு வந்தேன். அகலம் சரியாக இருந்தது. உயரம்தான் முழங்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. பிளேடை எடுத்துக் கீழ் மடிப்பைச் சுற்றிலும் பிரித்துவிட்டேன். நாலு விரல் இறங்கியது. இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன்.