சந்தனம் வைத்த திருப்புளி

என் வலது கை பிடிக்கும். தூக்கும். திரும்பாது.

வாய்க்கால் வரப்பில் மோட்டாரைத் தோளில் வைத்து வரும்போது வழுக்கி விழுந்தேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பும் கூடியது. உள்ளங்கை மட்டும் மேலே பார்க்காமல் போய்விட்டது. கோயிலில் திருநீறு கொடுத்தால் வாங்கக் கை மலராது. இடது கையை நீட்ட முடியுமா. என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி என் நெற்றியில் பூசிவிடுவாள்.

அது போகட்டும். என் தொழிலே திருகுவதுதான்.

சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் சின்னக் கடை. மோட்டார் ஸ்டார்ட்டர், மருந்தடிக்கிற டேங்க், மிக்சி, எது வந்தாலும் கழற்றி மாட்டுவேன். கடைக்குப் பின்னால் கொஞ்சம் தென்னை. அங்கேயும் ஒரு மோட்டார். எல்லாவற்றிலும் திருகாணி. அதைக் கழற்ற முடியாதவன் கடையைத் திறந்து வைத்து என்ன செய்வது. இடது கையைப் பழக்கிப் பார்த்தேன். திருப்புளி வழுக்கி வழுக்கித் திருகாணித் தலை தேய்ந்ததுதான் மிச்சம். சாமான் கொண்டு வந்தவர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

"குடுண்ணே, நான் திருகுறேன்" என்பார்கள்.

நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அவர்களே திருகிக்கொள்வதற்கு என் கடை எதற்கு.

ஒரு அறுப்புச் சமயம், சேலம் பக்கமிருந்து வந்த நெல் அறுக்கிற வண்டி கடை வாசலில் நின்றது. லைட் எரியவில்லை. டிரைவர் தன் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தார். கைப்பிடி ஒன்றுதான். அதன் வயிற்றுக்குள் சின்னச் சின்ன முனைகள் இருந்தன. வேண்டியதை எடுத்து நுனியில் மாட்டிக்கொள்ளலாம். நான் பார்த்தது அதை இல்லை. அவர் கையை எடுத்து எடுத்துப் பிடிக்கவில்லை. பிடித்த பிடியிலேயே முன்னும் பின்னும் லேசாக ஆட்டினார். கர் கர் என்று சத்தம். முன்னால் போகும்போது திருகியது. பின்னால் வரும்போது சும்மா வந்தது.

முழங்கையை ஆட்டினால் என் மணிக்கட்டு ஒரு துளி அசையும். அந்தத் துளி இதற்குப் போதும் என்று பட்டது.

"செத்த குடுங்க" என்று வாங்கினேன். திருகாணி வெளியே வந்தது. திரும்ப உள்ளே விட்டேன். மறுபடியும் வெளியே எடுத்தேன்.

"அண்ணா, வெளையாடறீங்களா? வண்டி கெளம்பணும்."

கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு அதைத்தான் தேடினேன். சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்பவரிடம் ஒன்று வாங்கினேன். வாரம் தாங்கவில்லை. உள்ளே பல் உதிர்ந்து இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. அடுத்ததில் முனை மெழுகு மாதிரி மழுங்கியது. இன்னொன்றில் கைப்பிடி பிளந்துகொண்டது. எல்லாவற்றையும் எடுத்துப்போய் திண்டுக்கல்லில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் இரும்புக் கடையில், கடைக்காரர் பாயின் மேசை மேல் கொட்டினேன்.

"என்னண்ணே, திருப்புளிக்கு ஆஸ்பத்திரியா வச்சிருக்கேன்?"

"நல்லதா ஒண்ணு வேணும் பாய்."

"இதெல்லாம் வீட்டுல சுவிட்சு போர்டு கழட்டுறதுக்குண்ணே. நீங்க இத வச்சு மோட்டார் மூடியக் கழட்டிருப்பீங்க."

"அதான தொழிலு."

"பழைய திருப்புளியே போதுமே. இம்புட்டு நாளா அதுலதான ஓட்டுனீங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன், திரும்பவில்லை. அதற்குமேல் பாய் கேலி பேசவில்லை.

"மதுரைக்குச் சொல்லி வைக்கிறேன். அவசரப்படாதீங்க" என்றார்.

மழைக்காலம் முடிந்துதான் வந்தது. கனத்த இரும்பு. கழுத்தில் ஒரு வளையம், அதைத் தள்ளி வைத்தால் கழற்றும், இந்தப் பக்கம் வைத்தால் முடுக்கும். பாய் கனத்த உடம்புக்காரர். முனையை வைஸ் இடுக்கியில் கொடுத்து இறுக்கிவிட்டு, கைப்பிடியில் தன் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினார்.

"என்னயவே தாங்குதுண்ணே. ஒங்களத் தாங்காதா? ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இத வச்சு நெம்பாதீங்க. சுத்தியலுக்குப் பதிலா அடிக்காதீங்க. இந்த வளையத்துக்குள்ள மண்ணு, ஈரம் போகவே கூடாது."

அப்படியே செய்தேன். பழைய பனியன் துணியில் சுற்றி வைப்பேன். ஆட்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கர் கர் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று போய் டீ குடித்துவிட்டு வருவார்கள்.

எங்கள் பக்கம் கடப்பாரை, ஏணி, திருப்புளி எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டோம். வீடு வீடாகப் போய் வரும். இதை மட்டும் நான் கொடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், மாமா முறை, ஒருநாள் கேட்டார். நான் அதைப் பனியன் துணியில் சுற்றத் தொடங்கினேன்.

"ஏப்பா, திருப்புளியத்தான கேட்டேன். என்னமோ ஒம் பொண்டாட்டி தாலியக் கேட்ட மாதிரி முழிக்கிற."

"வேற எத வேணாலும் எடுத்துக்க மாமா."

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீயே வச்சுப் பூச பண்ணு."

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவிவிட்டோம். சந்தனம் தொட்டு வைக்க எனக்குக் கை வளையாது. மனைவிதான் வைத்தாள். ஸ்பேனருக்கு ஒரு பொட்டு, சுத்தியலுக்கு ஒரு பொட்டு. அந்தத் திருப்புளிக்கு மட்டும் பொட்டோடு விடவில்லை. வளையத்தைச் சுற்றிக் கெட்டியாக அப்பினாள். அதன்மேல் குங்குமம்.

"இதுதான நமக்குக் கஞ்சி ஊத்துது" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாய் சொன்னது மண்ணும் ஈரமும். சந்தனம் எனக்கு ஈரமாகவே தோன்றவில்லை. சாமி காரியமாகத்தான் தோன்றியது. பொரி, கடலை வைத்துக் கும்பிட்டோம். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. தொடவில்லை.

மறுநாள் காலையில் அதே மாமா ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாயிண்டு கருகிருச்சு போல மாப்ள. நாத்தங்காலு காயுது, செத்த பாரு."

திருப்புளியை எடுத்தேன். சந்தனத்தைத் துடைத்தேன். ஆட்டினேன். சத்தம் வரவில்லை. வளையம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். அப்புறம் அசைந்தது, ஆனால் எந்தப் பக்கமும் பிடிக்காமல் சும்மா சுற்றியது. உள்ளே போன சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

வளையத்துக்கு மேல் சின்ன மூடி. அதைப் பிடித்திருக்கும் திருகாணி இன்னும் சின்னது. அதை என் கை எங்கே கழற்றுவது. மனைவி தையல் மிசினுக்கு வைத்திருக்கும் குட்டித் திருப்புளியைக் கொண்டு வந்தாள். நான் பிடித்துக்கொண்டேன், அவள் திருகினாள்.

"பாத்துத் தாயி, மெதுவா" என்றார் மாமா.

மூடி திறந்தது. உள்ளே ஒரு பல்சக்கரம், அதைத் தடுக்கும் ஒரு நாக்கு. இடுக்கெல்லாம் சந்தனம். அவள் ஊக்கால் சுரண்டினாள். நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்த ஸ்பிரிங் துள்ளியது. சீரகம் அளவுதான் இருக்கும். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெருக்கி அள்ளி, மாவு சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்தாள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தரையில் இழுத்தேன். கடை தொடங்கிய நாளிலிருந்து விழுந்த இரும்புத் தூளெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங் வரவில்லை.

"நல்லாருக்கணும்னுதான் வச்சேன்" என்றாள்.

"தெரியும்."

மாமா என் பழைய திருப்புளியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து தன் ஸ்டார்ட்டரைத் தானே கழற்றினார். எதை எடுக்க வேண்டும், எதை உரச வேண்டும் என்று நான் வாயால் சொன்னேன். போகும்போது அன்று நான் கொடுக்காததைச் சொல்லி ஒரு குத்துக் குத்துவார் என்று பார்த்தேன். குத்தவில்லை. குத்தியிருந்தால் தேவலை.

பாயிடம் கொண்டு போனேன்.

"ஸ்பிரிங்கு மட்டும் தனியா வராதுண்ணே. இந்த மாடலும் இப்ப வர்றதில்ல. பேனா ஸ்பிரிங்க வெட்டிப் போட்டுப் பாப்பமா?"

போட்டுப் பார்த்தோம். கடைப் படி இறங்குவதற்குள் கழன்றது.

"எப்புடிண்ணே உள்ள அடைச்சுச்சு?"

சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. "வேறதுக்குச் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

அப்பப்போ போன் போடுகிறேன். "வந்துச்சா பாய்?"

"வந்தா நானே கூப்பிட மாட்டேனாண்ணே."

மனைவி விடியும் முன்பே மல்லிகை பறிக்கக் கூலிக்குப் போய்விடுவாள். வெயில் ஏறித்தான் வருவாள். அதுவரை கடைக்கு வருகிறவர்களிடம், "வச்சுட்டுப் போங்க, அவ வரட்டும்" என்கிறேன். சிலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் அப்படியே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வந்தவுடன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்காருகிறாள். நான் சாமானைப் பிடித்துக்கொள்கிறேன்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"எடது பக்கம்."

"ஒங்க எடதா, என் எடதா?"

கையைத் திருப்பிக் காட்டப் பார்க்கிறேன். அது திரும்பவில்லை. அவளே ஒரு பக்கம் திருகிப் பார்க்கிறாள். இறுகுகிறது. மறுபக்கம் திருகுகிறாள்.