என்னைத் தள்ளி விழுத்திய சிலிக்காரன்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் பள்ளிக்குப் போன நாட்களில் எனக்கு வாய்த்த ஒரே நண்பன் சிலி நாட்டுக்காரன். இராணுவ ஆட்சிக்குத் தப்பி ஓடிவந்த பெற்றோர் அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கி வந்திருந்தார்கள். நான் பதினாறு வயதில் அண்ணையிடம் வந்து சேர்ந்தவன். அம்மாவும் தங்கையும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம் அமைச்சில் கிடப்பில் கிடந்தது. அப்போது தமிழர் எல்லோருக்கும் அதே நிலைதான்.

பஸ் நிலையத்தில் சில டேனிஷ் பெடியள் எங்களைக் கண்டால் துப்புவார்கள். ஒருநாள் துருக்கிப் பெடியன் ஒருவனின் பல்லை உடைத்தார்கள். அதன் பிறகுதான் நண்பன் கூட்டம் சேர்த்தான். துருக்கியர், வியட்நாமியர், நான். அவர்களோடு சேர்ந்து நடந்தபோதுதான் அந்த ஊரில் முதன்முதலாகத் தலைநிமிர்ந்து நடந்தேன்.

பிறகு எங்கள் கூட்டத்தின் கைகளில் சைக்கிள் சங்கிலிகள் வந்தன. ஒரு சனிக்கிழமை மதியம் ஏரிக்கரையில் அந்த டேனிஷ் பெடியளோடு அடிபடுவதென்று முடிவாயிற்று. நானும் போனேன். என்னைக் கண்டதும் நண்பனின் முகம் மாறியது. நாங்கள் டேனிஷில்தான் கதைப்போம்.

"நீ வீட்டை போ."

"ஏன், நான் என்ன பயந்தவனே?"

"பொலிஸ் உன்னைப் பிடிச்சால் அதையே சாட்டாச் சொல்லி அம்மாவை இங்கை வர விடமாட்டாங்கள். போடா!"

நான் அசையவில்லை. எல்லோருக்கும் முன்னால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். விழுந்தேன். அவமானத்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று ஒருவனுக்குக் கை முறிந்தது. நண்பனைப் பொலிஸ் கொண்டுபோய், சில மாதம் இளைஞர் விடுதியொன்றில் வைத்திருந்தார்கள். அவன் வெளியே வந்த பிறகு ஒருவழியாக அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். சிலியிலும் ஆட்சி மாறியது. அவனுடைய பெற்றோர் அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அடுத்த வருடமே அவன் தனியாக எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"அங்கை என்னை டேனிஷ்காரன் எண்டுதான் கூப்பிடுறாங்கள். நான் ஸ்பானிஷ் கதைச்சால் சிரிக்கிறாங்கள். தெருவிலை ஒரு கூட்டம் இருந்தது. அவங்களும் என்னைச் சேர்க்கேல்லை," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அம்மாவுக்கு அவன் பேச்சில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. "சாப்பிட்டியே மேனை?" என்று தமிழில் கேட்டபடி சோற்றுக் கோப்பையை எடுத்தார். பிராண்டே என்ற ஊரில் தொழிற்சாலை வேலை கிடைக்கும்வரை எங்கள் சோபாதான் அவனுக்குக் கட்டில்.

எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை அமைச்சர் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தது பின்னாளில் வெளிவந்து, அந்தத் தமிழர் வழக்கினால் டேனிஷ் அரசாங்கமே பதவி விலகிய செய்தியையும் எங்கள் வீட்டில் இருந்துதான் பார்த்தான்.

"உங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் அடிக்காமலே கவிழ்த்துப்போட்டினம்!" என்றான், வாய் நிறையச் சோற்றோடு.