ஏரிக்கு அடித்த நீலம்

எண்பதுகளில் அரசு அலுவலகமொன்றில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மழைக்கு மண் கரையக்கூடிய மலைச்சரிவுகளுக்குச் சிவப்பு பூச வேண்டும். அந்த மண் ஆற்றோடு இறங்கி எங்கள் பழவேற்காடு ஏரியில் படிந்து கிடந்ததும் படத்தில் தெரிந்தது. அதிகாரியிடம் காட்டினேன்.

"நம்ம வேலை மலையோட சரி. ஏரிக்கு நீலம் அடிச்சிடுப்பா" என்றார். வாராவாரம் என்னிடம் ஏரி இறால் கேட்கிற மனுஷன்!

ஏரிக்கரையிலிருக்கும் எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் முறைவைத்துத்தான் ஏரியில் மீன்பிடிப்போம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நான் ஊருக்குப் போன அன்று, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் பாடு. காத்திருந்து வலையோடு இறங்கியவருக்குக் கிடைத்தது முழங்கால் தண்ணீரும் சேறும்தான். மறுநாள் பாடு வேறொருவருக்கு.

மாலையில் என் பையிலிருந்த வரைபடத்தை நைனா விரித்துப் பார்த்தார்.

"இன்னாடா, ஏரி மொத்தம் நீலமா கீது? இத்த வரைஞ்சவன் ஒரு நாளாச்சும் ஏரில கால் வெச்சிருப்பானா?"

அந்த ஏரியில் நீந்தி வளர்ந்த இந்தக் கைதான் நீலத்தை அடித்தது.