சிவப்பு நிற்க வேண்டிய இடம்

அவள் வலது கை நூலின் ஒரு முனையைச் சிவப்பு விளக்கின் நடுவில் அழுத்திப் பிடித்திருந்தது. இடது கை மறுமுனையை, வெளிச்சம் மறுபக்கம் போகாமல் மறைக்கும் தடுப்புப் பலகையின் விளிம்பை உரசி முன்னால் இழுத்தது. நூல் படகின் முகப்புக்கு நேராகப் போயிற்று. கோணம் சரிதான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

பட்டறையில் அவளை நூலக்கா என்றே கூப்பிடுவார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை; கிழிந்த விதிப்புத்தகத்தைப் படித்தும் கழற்றி மாட்டியும் பழகியதுதான் இந்தப் படகு விளக்குத் தொழில்.

இது அவள் கணவர் ஓட்டும் இழுவைப் படகு. பழுதுக்காகக் கரையேறி மூன்று வாரம் ஆகிறது. நான்கு மணிக்கு அதிகாரி விளக்குகளைப் பார்க்க வருகிறார். அவர் ஒப்புதல் தராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் கட்டிய மனுஷன் வீட்டில் கிடந்து சமையலறையை ஒழுங்குபடுத்துவார். இப்போதே உப்பு இருக்குமிடம் அவளுக்குத் தெரியவில்லை.

கொட்டகைக் கதவுகளை மூடி இருட்டாக்கி, விளக்குகளைப் போட்டாள். கம்பத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை. பின்புறம் வெள்ளைக்கு மேல் மஞ்சள். சரக்குப் படகைக் கட்டி இழுத்துவருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முகப்பின் எதிரே நின்றாள். இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும் தெரிந்தன. படகின் வலப்பக்கமாக நகர்ந்தாள். சிவப்பு மறைய வேண்டும். மறையவில்லை, பலகை ஓரத்தில் பட்டுக் கசிந்தது.

"பலகைக்கு என்ன பூசினீங்க?" என்று பக்கத்தில் நின்ற கணவரைக் கேட்டாள்.

"கறுப்புதான். கறுப்புன்னுதானே விதி?"

"முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கு."

"ரெண்டு தடவை அடிச்சேன். பளபளன்னு இருந்தா உனக்குப் பிடிக்குமேன்னு."

"எனக்குப் பிடிக்குது. எதிர்ல வர்றவன் நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு தெரியாம முழிப்பான். மினுமினுப்பே கூடாதுங்க."

அவர் உப்புத்தாளை எடுத்தார். ஆளுக்கொரு பலகையாகத் தேய்த்தார்கள். பிறகு அவள் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசும் பெயின்டை அடித்தாள். சீக்கிரம் காயும், மினுங்காது.

"உப்பை எங்க வச்சீங்க?"

"மேல்தட்டுல. எல்லாம் அகர வரிசைப்படி."

"நல்லாயிருக்கு. சீரகத்தைத் தேடியே நான் கிழவியாயிடுவேன்."

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். முகப்பின் எதிரே நின்றார். படகின் வலப்பக்கமாக இரண்டு எட்டு வைத்தார்; சிவப்பு அணைந்தாற்போல் மறைந்தது. இடப்பக்கம் வந்தார், பச்சை மறைந்தது. பின்புறம் போய் மஞ்சளையும் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்திட்டார்.

அவள் நூலைச் சுருட்டினாள். சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலையில கிளம்புங்க. அதுக்கு முன்னாடி உப்பை எடுத்த இடத்துலயே வச்சிடுங்க."