ரஸ்தாக் சாலையில் ஆறு வந்த மதியம்

பெருநாள் விடுமுறையின் இரண்டாம் நாள், பொழுது விடியும் முன்பே அல் குசைஸிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியது என் கணவர் சேவியர். குளச்சல்காரர்; துபாயில் லிஃப்ட் டெக்னீஷியன். நான் ஜெசி, நர்ஸ். பின் இருக்கையில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பதி: தேராவில் அத்தர் கடை வைத்திருக்கும் காதர், அவர் மனைவி ரஹ்மத். காயல்பட்டினத்தார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்களுக்கும் அவர் காதர் காக்காதான். எதிரெதிர்க் கதவில் இத்தனை வருடம் இருந்தும் நான்கு பேருக்கும் ஒன்றாக லீவு அமைந்தது இதுதான் முதல் தடவை. ஓமானுக்குப் போய், அன்று இரவு ரஸ்தாக்கிலும் மறுநாள் நிஸ்வாவிலும் தங்குவதாகத் திட்டம்.

மலீஹா தாண்டியதும் மணலின் நிறம் மாறியது. வெளுத்த மணல் மஞ்சளாகி, பிறகு செங்கல்பொடி போல் சிவந்தது. சூரியன் எழுந்தபோது ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நிழல். சேவியர் வண்டியை ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினார். காற்று மணலை மெல்லிய புகையாக்கிச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஏசியின் இரைச்சல் இல்லாத இடம் என்று ஒன்று இந்த நாட்டில் உண்டென்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பதினெட்டு வருசமா இங்கெ இருக்கேன்," என்றார் காதர் காக்கா. "மண்ணை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

குசைஸிலிருந்து ஹத்தா எல்லை சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். வெளியேறும் கட்டணம் ஆளுக்கு முப்பத்தைந்து திர்ஹம். காருக்கு ஓமான் இன்சூரன்ஸை முன்பே எடுத்துவிட்டால் வரிசையில் நேரம் மிச்சம். எல்லை தாண்டி, ஓமானின் சோஹாரில் தேநீர் குடித்தோம். நூறு பைசா என்றதும் ரஹ்மத் சிரித்துவிட்டாள். இங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.

அதன் பிறகு மலைகள். மலை என்றால் பச்சை என்று வளர்ந்தவள் நான். இந்த ஹஜர் மலைகளில் ஒரு புல்கூட இல்லை. உரித்து வைத்தது போல் எலும்பும் விலாவுமாக, கறுப்பும் பழுப்புமாக நின்றன. 

மதியம் ரஸ்தாக்குக்கு முன்பாக ஒரு வாதியின் ஓரத்தில் இறங்கினோம். வாதி என்பது இங்கே வறண்ட ஆற்றுப்படுகை. ஒரு கால்பந்து மைதானத்தின் அகலத்துக்கு வெறும் உருண்டைக் கற்கள். எதிர்க்கரையில் பேரீச்சைத் தோப்பும் சின்னஞ்சிறு வெள்ளைப் பள்ளிவாசலும் தெரிந்தன. ரஹ்மத் கேஸ் அடுப்பில் பிரியாணிக்குத் தம் போட்டாள். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பத்து நிமிசந்தானே? தொழுதுட்டு வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டுக் காதர் காக்கா கற்களின் மேல் நடந்து அக்கரைக்குப் போனார். போனைக் காரிலேயே வைத்துவிட்டார்.

எங்கள் தலைக்கு மேல் வானம் சுத்தமான நீலம். மலை உச்சியில் மட்டும் மை கொட்டியது போலக் கறுப்பு. அதை நாங்கள் அழகு என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் ஹாரனை அழுத்தியபடி வந்தது. பூப்போட்ட தொப்பி அணிந்த ஓமானி ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

"யல்லா, பாய், ஜல்தி. வாதி. வாதி ஆத்தா ஹை," என்று அரபியும் உருதுவும் கலந்து கத்தினார், சீக்கிரம் ஏறுங்கள், வாதியில் வெள்ளம் வருகிறதென்று.

சேவியர் காரை மேட்டில் ஏற்றினார். ரஹ்மத் துப்பட்டாவால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் சத்தம் கேட்டது. நிற்காமல் லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம். முதலில் வந்தது தண்ணீர் அல்ல, புழுதி. அதன் பின்னால் வழி தேடித் தடவிக்கொண்டு வருவது போல் ஒரு பழுப்பு நாக்கு, சுள்ளிகளையும் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால்தான் பாரம். வேரோடு ஒரு கருவேல மரம் நின்றபடியே எங்களைக் கடந்து போனது. தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருண்டு மோதுவது காலடியில் அதிர்ந்தது. கடற்கரையில் பிறந்த நான் தண்ணீரைக் கண்டு அப்படி வாயடைத்து நின்றதில்லை. சற்று முன் தட்டு கழுவிய இடத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அக்கரையில் காதர் காக்கா பள்ளிவாசல் படியில் நின்று வேடிக்கை பார்த்தார். கையசைத்தார். நாங்களும் அசைத்தோம்.

அப்போதுதான் ரஹ்மத் என் தோளைப் பிடித்தாள். "ஜெசி, மச்சான் ஊசி போட்டுட்டுத்தான் போனாங்க. சாப்பாடு ரெடின்னு நான்தான் சொன்னேன்."

 காதர் காக்காவுக்குச் சர்க்கரை நோய்; சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் அது. சாப்பாடு இந்தக் கரையில் இருந்தது. இனி அரைமணி நேரத்துக்குள் வியர்க்கும், கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும். மயங்கி விழுந்தால், விழுகிற இடம் தண்ணீரின் விளிம்பாக இருந்துவிட்டால்?

மூவரும் கத்தினோம். எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. வாயில் கை வைத்துச் சாப்பிடுவது போல் காட்டினோம். பசிக்கிறதா என்று கேட்பதாக நினைத்து அவர் சிரித்தபடி வயிற்றைத் தட்டினார்.

சேவியர் சட்டையைக் கழற்றினார்.

"என்ன செய்யப்போறிய?"

"நீந்திப் போறேன். நான் கடல்ல கெடந்தவன்."

"கடல்ல பாறை உருண்டு வராது. இறங்கினியன்னா ரெண்டு பேரைத் தேடணும். வேண்டாம் கேட்டியளா," என்று அவர் கையைப் பிடித்தேன்.  

பிக்கப்காரரிடம் ஓடினேன். பெயர் சயீத். எங்களில் அரபி நன்றாகப் பேசத் தெரிந்தவர் காதர் காக்கா ஒருவர்தான். எனக்குத் தெரிந்தது வார்டு அரபி. அக்கரையைக் காட்டி, "இப்ரா," என்று வயிற்றில் குத்திக் காண்பித்தேன். "அகல் மாஃபி. சுக்கர்." ஊசி, சாப்பாடு இல்லை, சர்க்கரை.

சயீத் உடனே போனை எடுத்தார். எங்கள் போன்கள் எதிலும் சிக்னல் இல்லை; அவருடையதில் இருந்தது. அந்தத் தோப்பு அவருடைய மைத்துனருடையதாம். இரண்டு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்கள்.

அதற்குள் காதர் காக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் துடைத்தார். பிறகு எழுந்து, தண்ணீரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நடையில் நிதானம் இல்லை. ரஹ்மத் கத்தவில்லை, உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. விளிம்புக்கு ஐந்தாறு அடி இருக்கும்போது தோப்பிலிருந்து ஒருவர் அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து ஓடிவந்து, பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்தார். வாயில் எதையோ ஊட்டினார். திரும்பத் திரும்ப ஊட்டினார். நான் மணிக்கட்டில் என் நாடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துக் காதர் காக்கா தானே கை நீட்டி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார். சேவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையைப் போட்டார்.

தண்ணீர் இறங்க மாலையாகிவிட்டது. தானே போய்க் கூட்டிவருவதாகச் சொன்னார் சயீத். அவர் கதவைச் சாத்துவதற்குள் ரஹ்மத் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் பானையோடு நாங்களும் ஏறினோம்.

அக்கரையில் கணவரின் தாடியில் ஒட்டியிருந்த பேரீச்சைப் பிசுக்கை அவள் துப்பட்டா முனையால் துடைத்தாள். "ஒரு மிட்டாயாவது பையில வச்சிருக்கக் கூடாதா மச்சான்?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணு இருட்டிட்டு வந்துச்சு ரஹ்மத்து," என்றார் அவர். "ஆத்தைப் பாத்துத்தான் அப்படி ஆவுதுன்னு நெனச்சேன். அவ்வளவு பெருசா இருந்துச்சு."

சயீத், அவர் மைத்துனர் வீட்டார், நாங்கள் நால்வர் என்று எல்லோரும் அந்தக் கரையில் பாய் விரித்து, ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டோம்.

இரவு அவர்கள் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். காலையில் கிளம்பும்போது ஆறு கணுக்காலளவு, கண்ணாடி போல் தெளிந்து ஓடியது. சுற்றுவட்டாரத்திலிருந்து கார்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஓடினார்கள், பெரியவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சும்மா நின்றார்கள். எங்கள் குமரிப் பக்கம் வாய்க்காலும் குளமுமாக எங்கும் தண்ணீர். பாலத்தைக் கடக்கும்போது யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இங்கே ஆறு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, உறவினரைப் பார்க்க வருவது போல் வருகிறார்கள்.

நாங்களும் இறங்கி நின்றோம். தண்ணீர் குளிர்ந்திருந்தது. ரஹ்மத் காதர் காக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வண்டியில் ஏறிய பிறகும் விடவில்லை.