காலடித் தண்ணீர்

அர்மெல் லெ கோனிடெக் கோபக்காரி. த்ரியூ ஆற்றங்கரையில் இதை அவள் காதுபடவே சொல்வார்கள். பேம்போலில் நெடுங்காலம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். கத்தரிக்கோலும் கையுமாக மேயரின் மனைவியையே திட்டியிருக்கிறாள். யாரும் பாதியில் எழுந்து போனதில்லை. பாதி வெட்டிய தலையோடு எங்கே போவது.

கடையை விற்ற பணத்தில் ஒரு கேட்டமரான் வாங்கினாள். இரண்டு உடல்கள், நடுவே சமையலறையோடு ஒரு கூடம். பெயர் குவென்னிலி. எங்கள் மொழியில் தகைவிலான் குருவி. பதிவு அவள் பெயரில். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவளும் கணவன் கூல்வெனும் படகிலேயே குடியிருப்பதாக முடிவு. ஆழம், திசை காட்டும் கருவிகள் மட்டும் தன் பொறுப்பு என்றான் கூல்வென். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவள் சரி என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

குடிபோன அன்று மிதவைப் பாலத்தில் அவன் மீன்காரர்களின் கொக்கித் தராசோடு நின்றான். கேட்டமரானுக்கு எடை ஆகாது. பாத்திரம், புத்தகம், போர்வை எல்லாம் தராசில் தொங்கின. எங்கள் ஊர் மெல்லிய தோசையான கிரேப் சுடும் வார்ப்பிரும்புக் கல் வந்தபோது அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது கரையிலயே இருக்கட்டும்."

"ஏன்?"

"கனம், அர்மெல். படகு ஓடாது."

"நேத்து கிரேன் வச்சு பேட்டரி ஏத்தினியே, அதெல்லாம் பஞ்சா?"

"அது தேவை. புதுசா வைக்கிற கருவித் திரைக்கெல்லாம் மின்சாரம் வேணாமா?"

"அப்ப நான் திங்கறது தேவையில்ல."

பக்கத்துப் படகுக்காரன் நான். கல்லை என் படகில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். வைத்துக்கொண்டேன்.

பழைய கருவிகள் குமிழும் ஊசியுமாக இருந்தன. நனைந்த கையாலும் திருப்பலாம். அவற்றைப் பிடுங்கிவிட்டு நான்கு கண்ணாடித் தொடுதிரைகள் வைத்தார்கள். பொருத்த வந்தவன் மூன்று நாளும் கூல்வெனிடமே பேசினான். அர்மெல் கேட்டால், "உங்க வீட்டுக்காரருக்குக் காட்டிட்டேன் மேடம்" என்பான்.

"படகு யாருதுன்னு அவரு சொன்னாரா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆழமானியில் பூஜ்யம் என்றால் படகின் அடி தரையைத் தொடுகிறது என்று பொருளாக இருக்க வேண்டும். எங்கள் ஆற்றில் கடல் இறங்கி வற்றம் வந்தால் பாதி ஆறு சேறாகிவிடும். அதனால் இங்கே எல்லோரும் காலடியில் மிச்சமிருக்கும் தண்ணீரைத்தான் பார்ப்போம். அவள் அப்பாவின் படகும் அப்படித்தான். "காலடித் தண்ணி காட்டணும், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். கூல்வென் தலையாட்டினான். பொருத்த வந்தவனும் அப்படியே அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதல் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முகத்துவாரம் வரை போய்த் திரும்பினோம். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சுக்கான் சக்கரத்தில் அர்மெல். எதிரே சிப்பிப் பண்ணையின் தட்டைப் படகு சுமையோடு வந்தது. அவள் வழிவிட்டுக் கரைப்பக்கம் ஒதுங்கினாள். திரையில் ஒன்றரை மீட்டர். பிறகு ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி இரண்டு. எண் அங்கேயே நின்றது. படகும் நின்றது.

சத்தமே இல்லை. சேறு மெத்தென்று வாங்கிக்கொண்டது. அவள் இயந்திரத்தைப் பின்னோக்கி முடுக்கினாள். பழுப்பு நுரை எழுந்ததே தவிர படகு அசையவில்லை.

அவள் கணக்கில் காலடியில் இன்னும் ஆள் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. திரையைப் பார்த்தாள். கூல்வெனைப் பார்த்தாள்.

"என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும்..."

"என்ன பண்ணின, கூல்வென்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "வரைபடத்தோட ஒத்துப்போகட்டும்னு நீர்மட்டத்துலேருந்து எண்ணுற மாதிரி மாத்தினேன். அதுதான் சரியான முறைன்னு இணையத்துல எல்லாரும் எழுதறாங்க. சொல்லணும்னுதான் இருந்தேன்."

படகின் அடி நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். திரை பொய் சொல்லவில்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் விலக விலக, இரண்டு உடலும் சேற்றில் பதிந்து குவென்னிலி மேசைபோல் நிமிர்ந்து நின்றது. சாயவாவது செய்திருக்கலாம்; விபத்து என்றாவது தோன்றியிருக்கும். எதிரே தெரிந்த மிதவைப் பாலத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். சிப்பிப் பண்ணைக்காரர்கள் கத்தினார்கள்: "அம்மணி, முடி வெட்ட அங்கயே வரலாமா? இடம் நல்லா காஞ்சிருக்கு."

"வாடா, உனக்குக் காதையும் சேர்த்து வெட்டறேன்," என்றாள்.

ரேடியோவில் துறைமுக அலுவலகத்துப் பெண் அழைத்தாள். ஆற்றிலுள்ள எல்லாப் படகும் கேட்கும் அலைவரிசை. "குவென்னிலி, குவென்னிலி, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? என்ன ஆச்சு?"

கூல்வென் முந்திக்கொண்டு எடுத்தான். "எல்லாரும் நலம். சின்னக் கவனக்குறைவு. சக்கரத்துல என் மனைவி இருந்தாங்க."

சொன்னது இரண்டும் உண்மை. அப்படிச் சேர்த்துச் சொன்னதுதான் அவளை எரித்தது. நாளையிலிருந்து ஆறு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றாகிவிடும். இனி அவள் சக்கரத்தைத் தொட்டால் யாராவது கண்ணடிப்பான். அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"குவென்னிலியோட தலைவி பேசறேன். படகு என் பேருல இருக்கு. ஆழமானியை என்கிட்ட சொல்லாம மாத்தின ஆளு பக்கத்துல நிக்கறாரு. மிச்சத்தை அவரே சொல்வாரு."

ஒலிவாங்கியை அவன் வாயருகே நீட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பொத்தான் அழுந்தியிருக்கும் வரை வேறு யாரும் பேச முடியாது. அவன் என்னைப் பார்த்தான். நான் சேற்றைப் பார்த்தேன்.

"அர்மெல், வீட்டு விஷயம் இது."

அதையும் ஆறு கேட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

"நான்தான் மாத்தினேன்," என்றான் கடைசியில். "அவகிட்ட சொல்லல. அவ சரியாத்தான் ஓட்டினா."

அவள் விரலை எடுத்தாள். பிறகு அந்த அலுவலகப் பெண், "கேட்டுக்கிட்டோம், குவென்னிலி," என்றாள். யாரோ ஒருவன் பொத்தானை அழுத்திச் சிரித்துவிட்டு விட்டான்.

கடலேற்றம் திரும்பும் வரை அவள் ஒரு உடலின் முனையிலும் அவன் மற்றதன் முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொண்டுபோயிருந்த வெண்ணெய் கேக்கை நானே தின்றேன்.

தண்ணீர் வந்து, படகு லேசாக ஒருமுறை சிலிர்த்தது. இன்னொரு முறை. சேற்றை விட்டு அடி எழும் அந்த நொடிக்காகத்தான் அவள் திரைமுன் நின்றிருந்தாள். இதுதான் பூஜ்யம். தொட்டாள். ஈரவிரலைத் திரை மதிக்கவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்த கை நனைந்திருந்தது.

"துணி," என்றாள்.

கூல்வென் துண்டை எடுத்துவந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அவள் கையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. எந்தப் பட்டியல், எந்த வரி என்று அவன் சொன்னான். அவளே அழுத்தினாள். திரையில் பூஜ்யம் வந்தது.

"இனிமே இதைத் தொட்டா, உன்னையும் தராசுல தொங்கவிடுவேன்."

மறுநாள் காலை என் படகுக்கு வந்து இரும்புக் கல்லைக் கேட்டாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தாள். கூல்வென் படகின் வாசலில் நின்றிருந்தான். தராசு கூடத்து ஆணியில் தொங்கியது. அவன் விலகி வழிவிட்டான்.